பெற்றோல் மீற்றரும் ஹீற் மீற்றரும் சேர்ந்து பொய் சொன்னால்: 10 வோல்ற் ரெகுலேற்றர் கட்டும் முறை

பெற்றோல் மீற்றரும் ஹீற் மீற்றரும் (எஞ்சின் சூட்டைக் காட்டுவது) ஒரே நேரத்தில் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டினால், அல்லது இரண்டும் ஒரே நேரத்தில் செத்துக் கிடந்தால், டாங்கியை இறக்க வேண்டாம், ரேடியேற்றரில் கை வைக்கவும் வேண்டாம். அந்த இரண்டுக்கும் பொதுவாக மின்சாரம் கொடுப்பது ஒரே ஒரு சாமான்: டஷ்போர்ட்டுக்குப் பின்னால் ஒரு திருகாணியில் தொங்கும், தீப்பெட்டியிலும் சின்னத் தகரப் பெட்டி. அதற்குப் பெயர் வோல்ற்றேஜ் ஸ்ரெபிலைசர். அது கெட்டால் அதற்குப் பதிலாகக் கட்டுவதுதான் தலைப்பில் சொன்ன ரெகுலேற்றர், அதாவது வோல்ற்றை ஒரே அளவில் நிறுத்தும் சின்ன மின்னணு உறுப்பு. ஒரு மீற்றர் மட்டும் பிழை என்றால் குற்றம் அந்த மீற்றரிலோ அதன் வயரிலோ டாங்க் யூனிற்றிலோ (டாங்கிக்குள் பெற்றோல் அளவைப் பார்க்கும் உறுப்பு) இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பெட்டியை. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை மிச்சம்.

லாண்ட் ரோவர், ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பிரிட்டிஷ் வாகனங்களில், 1960களின் நடுப்பகுதியிலிருந்து வந்தவற்றில் பெரும்பாலும் ஸ்மித்ஸ் மீற்றர்கள்தான். அவை 12 வோல்ற்றில் நேரடியாக ஓடுவதில்லை, 10 வோல்ற்றுக்கு அளவு வைக்கப்பட்டவை. டைனமோ கட்டிய வாகனத்தில் பற்றரி வோல்ற் 12இலும் நிற்கும், 15ஐயும் தொடும். அதோடு சேர்ந்து முள்ளும் ஏறி இறங்கக் கூடாது என்பதற்காகத்தான் நடுவில் இந்தப் பெட்டி.

உள்ளே இருப்பது மிக எளிய சாமான். இரட்டை உலோகத் தகடு ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள், நுனியில் ஒரு கொன்ராக்ற். சாவியைத் திருப்பியதும் கொன்ராக்ற் வழியாக முழு 12 வோல்ற்றும் மீற்றருக்குப் போகும். சுருள் சூடாகித் தகடு வளையும், கொன்ராக்ற் விடும், ஆறியதும் மறுபடி தொடும். மீற்றரும் சூட்டில் வளையும் தகடுதான் என்பதால் இந்த வெட்டி வெட்டி வரும் மின்சாரம் அதற்கு உறைப்பதில்லை. மொத்தச் சூடு 10 வோல்ற் தொடர்ந்து கொடுத்ததற்குச் சமமாக இருந்தால் போதும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பழைய பெட்டியின் வெளிப்பக்கத்தை டிஜிற்றல் மல்ரிமீற்றரால் அளந்தால் 0, 12, 5, 9 என்று எண்கள் குதிக்கும். அவற்றைச் சராசரி எடுத்து, ‘இது 7 வோல்ற் மீற்றர் போல’ என்று முடிவெடுத்து அந்த அளவுக்கு ரெகுலேற்றர் கட்டினால் முள் எழும்பாது. சூடு வோல்ற்றின் வர்க்கத்தோடு போவது. பற்றரி 14 வோல்ற்றில் இருக்கும்போது 10 வோல்ற்றுக்குச் சமமான சூடு வேண்டுமென்றால் கொன்ராக்ற் கிட்டத்தட்டப் பாதி நேரம் மூடியிருந்தால் போதும். அந்த நேரத்தில் சாதாரணச் சராசரி 7 வோல்ற்தான். ஆனால் மீற்றர் உணர்வது 10. ஆகவே பழைய பெட்டியை அளந்து புதியதைச் செய்ய வேண்டாம். வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் சின்ன 12 வோல்ற் பல்பு ஒன்றை வெளிப்பக்கத்துக்கும் பொடிக்கும், அதாவது வாகனத்தின் உலோக உடம்புக்கும், நடுவில் பிடியுங்கள். விட்டு விட்டு எரிந்தால் உயிர் இருக்கிறது. விடாமல் எரிந்தால் கொன்ராக்ற் ஒட்டிப் போயிருக்கும், அல்லது எர்த், அதாவது பெட்டியைப் பொடியோடு சேர்க்கும் இணைப்பு, இல்லை.

முதலில் எர்த்

அந்த எர்த்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறோம். திருகோணமலையில் இந்தப் பெட்டிகள் கெடுவதை விட அவற்றின் எர்த் கெடுவது அதிகம். பெட்டியின் தகர உடம்புதான் அதன் எர்த். உள்ளே சூடாக்கும் சுருளின் மறுமுனை அந்த உடம்பில் முடிகிறது. நிலாவெளிப் பக்கமோ உட்துறைமுகப் பக்கமோ நிறுத்தி வைக்கும் வாகனத்தில் அந்த ஒற்றைத் திருகாணியைச் சுற்றி உப்புக் காற்று துரு பிடிக்க வைத்துவிடும். எர்த் போனால் சுருளில் மின்சாரம் ஓடாது, சுருள் சூடாகாது, கொன்ராக்ற் திறக்காது, மீற்றருக்கு முழு 14 வோல்ற். முள் இரண்டும் மேலே. பெட்டியில் பிழையே இல்லை!

ஆகவே எதையும் கட்டுவதற்கு முன், ஒரு வயர்த் துண்டால் பெட்டியின் உடம்பைப் பற்றரியின் எர்த் முனையோடு நேரடியாகத் தொட்டு இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். முள்கள் கீழிறங்கினால் வேலை முடிந்தது. திருகாணியைக் கழற்றி, இரண்டு பக்கமும் சாண்ட் பேப்பர் போட்டு, பல் வைத்த வாசர் ஒன்றைக் கொடுத்து இறுக்கி, மேலே வஸ்லின் பூசுங்கள். அந்த வாகனத்துக்கு ரெகுலேற்றர் தேவையில்லை.

இன்னொரு சோதனை, மீற்றர் எந்த வகை என்பது. சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று பாய்ந்து நின்றால் அது காந்தச் சுருள் வகை. அதற்கு ஸ்ரெபிலைசர் கிடையாது, தேவையும் இல்லை. முள் சோம்பேறித்தனமாக அரை நிமிடத்துக்கு மேல் எடுத்து எழும்பினால் அது சூட்டுத் தகட்டு வகை, நமக்கு வேண்டியது அதுதான். ஹீற் மீற்றரின் பின்னால் வயருக்குப் பதிலாக மெல்லிய செப்புக் குழாய் வந்தால் அது மின்சார மீற்றரே அல்ல. குழாயை மடக்கவோ வெட்டவோ வேண்டாம், வெட்டினால் மீற்றர் குப்பைக்குத்தான்.

ரெசிஸ்ரர் ஒன்றைப் போட்டால் என்ன?

கராஜில் அடிக்கடி கேட்கும் கேள்வி. 12ஐ 10 ஆக்கத்தானே, வரிசையில் ஒரு ரெசிஸ்ரர் போதாதா? போதாது. ஏன் என்பதற்குக் கணக்கே சாட்சி.

ஸ்மித்ஸ் சூட்டு மீற்றரின் சுருள் ஏறத்தாழ 65 ஓம். டாங்க் யூனிற் காலியில் 240 ஓம், அரையில் 68 ஓம் அளவு, நிறைந்தால் 20 ஓம் அளவு. 10 வோல்ற்றில், டாங்கி நிறைந்திருக்கும்போது மீற்றரில் ஓடுவது 118 மில்லி அம்பியர். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ற் என்றால் 4 வோல்ற்றைக் குறைக்க 33 ஓம் வேண்டும். போட்டால் ‘நிறைவு’ சரியாக நிற்கும். ஆனால் டாங்கி கால் பங்குக்கு இறங்கி, யூனிற் 120 ஓம் அளவில் இருக்கும்போது ஓட வேண்டியது 54 மில்லி அம்பியர், ஓடுவதோ 64. சூடு வர்க்கத்தில் போவதால் அது 40 சதவீதம் கூட. முள் காலுக்கும் அரைக்கும் நடுவில் நிற்கும். மின்சாரம் குறையக் குறைய ரெசிஸ்ரரில் விழும் வோல்ற்றும் குறைவதுதான் காரணம். அதே ரெசிஸ்ரரோடு எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் திருப்பினால், நிறைந்த டாங்கியில் சூடு கால் பங்கு குறைந்துவிடும். இரண்டு மீற்றருக்கும் ஒரே ரெசிஸ்ரரைப் போட்டால் இன்னும் வேடிக்கை: எஞ்சின் சூடாகச் சூடாகப் பெற்றோல் குறைவது போலக் காட்டும்.

எஞ்சின் ஓடும்போது, டாங்கி குறையக் குறைய, பிழை உள்ளதை விடக் கூடக் காட்டும் பக்கம்தான் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். கந்தளாய் தாண்டிக் காட்டுப் பாதையில் ஹபரணைக்குப் போகிறவருக்கு அது சின்னப் பிழை அல்ல.

தேவையான சாமான்

நெகட்டிவ் எர்த் வாகனத்துக்கு, அதாவது பற்றரியின் கழித்தல் முனை பொடிக்குப் போகும் வாகனத்துக்கு, அடிப்படை இவ்வளவுதான்: 7810 ரெகுலேற்றர் ஒன்று, 0.33 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் ஒன்று (மேலே 334 என்று எழுதியிருக்கும்), 0.1 மைக்ரோஃபரட் ஒன்று (104), பி6கேஇ18ஏ என்ற சேர்ஜ் டயோட் ஒன்று, 1 அம்பியர் பியூஸும் அதன் வயர்க் கூடும். முதல் கப்பாசிற்றர் உள்பக்கத்துக்கும் எர்த்துக்கும், இரண்டாவது வெளிப்பக்கத்துக்கும் எர்த்துக்கும். இரண்டையும் ரெகுலேற்றரின் கால்களிலேயே ஒட்டியபடி பற்றவையுங்கள். அரை அடி வயரில் தூரமாக வைத்தால் ரெகுலேற்றர் தானாக அலைவதைத் தடுக்கும் வேலையை அவை செய்யாது.

சேர்ஜ் டயோட் எதற்கு என்றால், ஹோர்ன், வைப்பர் மோட்டர், டைனமோ கட்அவுட் எல்லாம் விடும்போது வயரில் உயர்ந்த வோல்ற் ஒரு கணம் பாயும். 7810 தாங்குவது 35 வோல்ற் வரைக்கும்தான். பி6கேஇ18ஏ அதை 25 வோல்ற் அளவில் பிடித்து எர்த்துக்கு இறக்கிவிடும். கோடு போட்ட பக்கம் கூட்டல் முனைக்கு, மறுபக்கம் எர்த்துக்கு. யாராவது பற்றரியை மாறிப் போட்டாலும் இதே டயோட் வழியாக மின்சாரம் பாய்ந்து பியூஸ் போகும், ரெகுலேற்றர் தப்பும். இந்த வாகனங்களின் பழைய பியூஸ் 35 அம்பியர், அது இந்த மெல்லிய வயரைக் காப்பாற்றாது. அதனால்தான் தனி 1 அம்பியர் பியூஸ்.

வரிசையில் ஒரு 1என்4007 போட்டும் பற்றரி மாறுவதைத் தடுக்கலாம் என்பார்கள். வேண்டாம். அது முக்கால் வோல்ற்றைத் தின்னும், நம்மிடம் விடுவதற்கு அவ்வளவு வோல்ற் இல்லை. 7810 பத்தைக் கொடுக்க உள்ளே 12 வர வேண்டும். இங்கேதான் இந்த எளிய சுற்றின் பலவீனம். பற்றரியில் 12.6 இருக்கும், ஆனால் கறுத்துப்போன பியூஸ் பெட்டி, இக்னிஷன் சுவிச் எல்லாம் தாண்டி ஸ்ரெபிலைசரின் இடத்துக்கு வரும்போது 11.5 ஆகியிருக்கும். அப்போது வெளியே 9.5தான், சூடு பத்து சதவீதம் குறைவு. ஆகவே கட்டுவதற்கு முன் ஹெட்லைற், வைப்பர் இரண்டையும் போட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, பெட்டிக்கு வரும் பச்சை வயரில் வோல்ற்றை அளந்து பாருங்கள். 12க்குக் கீழே என்றால் முதலில் பியூஸ் பெட்டியின் பித்தளை முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் குறைவாக இருந்தால் 7810க்குப் பதிலாக எல்எம்2940இன் 10 வோல்ற் வகையைத் தேட வேண்டும். அது அரை வோல்ற் மிச்சம் இருந்தாலே வேலை செய்யும், வாகனத்துக்கென்றே செய்யப்பட்டது, பற்றரி மாறினாலும் தாங்கும். ஆனால் வெளிப்பக்கம் குறைந்தது 22 மைக்ரோஃபரட் எலெக்ரோலைற்றிக் கப்பாசிற்றர் கட்டாயம், 105 பாகை என்று எழுதியதாக. செராமிக் கப்பாசிற்றரை மட்டும் போட்டால் அலைய ஆரம்பித்துவிடும். எங்கள் தேர்வு, கிடைத்தால், இதுதான்.

கிடைத்தால் என்று சொன்னதற்குக் காரணம், நகரத்தில் டிவி திருத்தும் கடைகளில் 7805, 7809, 7812 எப்போதும் இருக்கும், 7810 இருக்காது. கொழும்புக்குப் போகிறவரிடம் முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி வரச் சொல்லலாம். அதுவரை பொறுக்க முடியாதென்றால் 7809ஐ எடுத்து, நடுக்காலை நேரே எர்த்தில் போடாமல் அதற்கும் எர்த்துக்கும் நடுவில் டயோட் போட்டு உயர்த்தலாம். ஒரு 1என்4148 போட்டால் 9.6 வோல்ற்றுக்கு மேல் வரும். அதோடு ஒரு 1என்5819ஐயும் வரிசையாகச் சேர்த்தால் 10ஐ நெருங்கும். டயோட்களின் கோட்டுப் பக்கம் எர்த்தை நோக்கி இருக்க வேண்டும். ஆனால் இப்போது நடுக்கால் எர்த் அல்ல, ரெகுலேற்றரின் உலோக முதுகும் எர்த் அல்ல. பொடியில் நேரடியாக முடுக்கினால் டயோட்கள் இரண்டும் ஷோட் ஆகி மறுபடி 9 வோல்ற்தான். நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடும், திருகாணிக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் போட வேண்டும்.

வெறும் 9 வோல்ற்றோடு விட்டால் சூடு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். 7812 போட்டால் 44 சதவீதம் கூடும், அதுவும் 14 வோல்ற் வரும் நேரத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். இரண்டும் ஆகாது.

சூடு

டைனமோ 14.2 வோல்ற் கொடுக்கிறது, இரண்டு மீற்றரும் உச்சத்தில் 0.24 அம்பியர் இழுக்கின்றன என்று வைத்தால் ரெகுலேற்றரில் எரிவது 1 வோற் (வாட்). சின்ன எண்தான். ஆனால் ஹீற்சிங் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாத டிஓ-220 உடம்பு, அதாவது இந்த ரெகுலேற்றர்களின் மூன்று கால் உறை, ஒரு வோற்றுக்கு 65 பாகை சூடு ஏறும். கச்சான் காற்று வீசும் காலத்தில் நடுப்பகல் வெயிலில் பூட்டி வைத்த வாகனத்தின் டஷ்போர்ட்டுக்குப் பின்னால் 60 பாகை என்று வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும். 60உம் 65உம் 125. அதுதான் அந்த உறுப்பின் எல்லை. அதைத் தாண்டி இன்னும் சூடானால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும், ஆறினால் திரும்ப வரும். காலையில் சரியாக இருந்த மீற்றர் மத்தியானம் செத்துச் செத்துப் பிழைத்தால் இதுதான் காரணம்.

நல்ல காலம், 7810க்கும் எல்எம்2940க்கும் உலோக முதுகு எர்த்தோடு சேர்ந்தது. நெகட்டிவ் எர்த் வாகனத்தில் அதை நேரே டஷ்போர்ட்டின் தகரத்தில் முடுக்கலாம். வாகனத்தின் தகரமே ஹீற்சிங், அதுவே எர்த். முதுகுக்கும் தகரத்துக்கும் நடுவில் பெயின்ற் இருக்கக் கூடாது. துளையைச் சுற்றி ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சுரண்டி, வெள்ளை ஹீற்சிங் பேஸ்ற்றை மெல்லிதாகப் பூசி முடுக்குங்கள். அதை மட்டும் நம்பாமல், நடுக்காலிலிருந்து தனிக் கறுப்பு வயர் ஒன்றை நல்ல எர்த் போல்ற்றுக்குக் கொண்டுபோங்கள். இந்த ஊர் உப்புக்கு இரண்டாவது எர்த் ஆடம்பரம் அல்ல. 7810இன் எர்த் கழன்றால் வெளியே வருவது 10 அல்ல, உள்ளே வரும் வோல்ற்றுக்குக் கிட்டத்தட்டச் சமம். மறுபடி பழைய கதைதான், முள் இரண்டும் மேலே.

பழைய பெட்டிக்குள் வைப்பது

வெளியில் தெரியாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் பழைய பெட்டியையே கூடாகப் பயன்படுத்தலாம். விளிம்பில் மடித்த தகரத்தைச் சின்னக் குறட்டால் மெதுவாக நிமிர்த்தினால் அடித்தட்டு கழன்று வரும். தகட்டையும் சுருளையும் வெட்டி எடுத்துவிட்டு, பி, ஐ என்று குறித்த இரண்டு முனைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பி என்பது பற்றரிப் பக்கம், பச்சை வயர். ஐ என்பது மீற்றர்ப் பக்கம், இளம்பச்சை வயர். பல பெட்டிகளில் ஒன்று ஆண் முனையாகவும் மற்றது பெண் முனையாகவும் இருக்கும், மாறிச் செருகாமல் இருக்கத்தான்.

எழுத்துள்ள பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் 7810இன் இடது கால் உள்வரவு, நடு எர்த், வலது வெளியீடு. இடதைப் பி முனைக்கும் வலதை ஐ முனைக்கும் பற்றவைத்து, முதுகைத் தகரத்தில் ஒரு 3 மில்லிமீற்றர் நட்டால் முடுக்குங்கள். முனைகள் ரிவெற் அடித்த பழைய பித்தளை, கறுத்திருக்கும். சுரண்டாமல் ஈயம் பிடிக்காது, பிடித்தது போலத் தோன்றி ஆறு மாதத்தில் விடும். மூடுவதற்கு முன் கால்கள் தகரத்தில் படாமல் சுருங்கும் குழாய் போடுங்கள். பழைய பெட்டியை ‘மேல்’ என்று குறித்த பக்கம் மேலே வரும்படிதான் மாட்ட வேண்டும், தகடு சாய்ந்தால் அளவு மாறும். புதியதை எப்படியும் மாட்டலாம்.

பொசிட்டிவ் எர்த் என்றால்

1960களின் பிற்பகுதிக்கு முந்திய பிரிட்டிஷ் வாகனங்களில் பெரும்பாலும் கூட்டல் முனைதான் பொடிக்குப் போகும். அவற்றில் 7810ஐ எப்படித் திருப்பிப் போட்டாலும் சரிவராது. மீற்றரின் மறுமுனை டாங்க் யூனிற் வழியாகப் பொடியில், அதாவது கூட்டலில், முடிகிறது. நமக்கு வேண்டியது பொடியை விட 10 வோல்ற் கீழான முனை. அதற்குக் கழித்தல் ரெகுலேற்றர் வேண்டும்: 7910 அல்லது எல்எம்337.

எல்எம்337இன் கால்கள் இடமிருந்து அட்ஜஸ்ற், உள்வரவு, வெளியீடு. வெளியீட்டுக்கும் அட்ஜஸ்ற்றுக்கும் நடுவில் 120 ஓம், அட்ஜஸ்ற்றுக்கும் பொடிக்கும் நடுவில் 820 ஓம். வருவது 9.8 வோல்ற், போதுமான நெருக்கம். இரண்டும் கால் வோற் போதும். வெளிப்பக்கம் 10 மைக்ரோஃபரட், உள்பக்கம் 1 மைக்ரோஃபரட். கப்பாசிற்றரின் கூட்டல் கால் பொடிக்குப் போக வேண்டும், இதில்தான் கை பழக்கத்தில் மாறும், மாறினால் வெடிக்கும். சேர்ஜ் டயோட்டின் கோடும் பொடிப் பக்கம். இன்னொன்று, எல்எம்337க்கும் 7910க்கும் உலோக முதுகு உள்வரவோடு சேர்ந்தது. பொடியில் நேரே முடுக்கினால் அது முழு ஷோட், பியூஸ் உடனே போகும். மைக்கா, புஷ் இரண்டும் போட்டு, பற்றரியை இணைப்பதற்கு முன் முதுகுக்கும் பொடிக்கும் நடுவில் ஓம் அளந்து பாருங்கள். மைக்காவும் புஷ்ஷும் பழைய கம்பியூட்டர் பவர் சப்ளையில் இலவசமாகக் கிடைக்கும், அலுமினிய ஹீற்சிங்கும் சேர்த்து.

7910இன் கால்கள் 7810இன் வரிசையில் இல்லை: எர்த், உள்வரவு, வெளியீடு. ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதைக் கட்டியவர்கள் பலர்.

வேறு வோல்ற் மீற்றர்கள்

எல்லா மீற்றரும் 10 அல்ல. அமெரிக்க ஃபோர்ட் வகைகளில் சூட்டு மீற்றர் 5 வோல்ற் சராசரியில் ஓடும், டாங்க் யூனிற் காலியில் 73 ஓம், நிறைவில் 10 ஓம். பழைய லாண்ட் குரூசரில் ஸ்ரெபிலைசர் பெற்றோல் மீற்றருக்குள்ளேயே ஒளிந்திருக்கும், அதன் அளவு 7 வோல்ற். 6 வோல்ற் ஜீப்பை 12க்கு மாற்றியவர்களுக்கும் பழைய மீற்றர்களுக்கென்று இதே தேவை வரும்.

இவற்றுக்கு எல்எம்317 ஒன்றே போதும். வெளியீட்டுக்கும் அட்ஜஸ்ற்றுக்கும் நடுவில் 220 ஓம் நிலையாக வைத்துக்கொண்டு, அட்ஜஸ்ற்றிலிருந்து எர்த்துக்குப் போகும் ரெசிஸ்ரரை மட்டும் மாற்றுங்கள்: 680 ஓம் போட்டால் 5.1 வோல்ற், 820இல் 6, 1000இல் 7, 1500இல் 9.85. கால் வரிசை அட்ஜஸ்ற், வெளியீடு, உள்வரவு. முதுகு வெளியீடு, ஆகவே இதற்கும் மைக்கா. சுழற்றி அளவு வைக்கும் ரெசிஸ்ரரை, அதாவது பொட்டை (பொட்டென்ஷியோமீற்றர்), இந்த இடத்தில் போடாதீர்கள். அன்புவழிபுரத்திலிருந்து டொக்யார்ட் வீதிக்கு வருவதற்குள் குலுக்கலில் அது தன் பாட்டுக்கு நகரும், உள்ளே தூசி போனால் தொடர்பு விட்டு முழு வோல்ற்றும் மீற்றரில் ஏறும்.

5 வோல்ற்றுக்குச் சூட்டுக் கணக்கை மறக்க வேண்டாம். அந்த மீற்றர் ஒன்று 0.22 அம்பியர் இழுக்கும். இரண்டுக்கு 0.44, அதை 9.2 வோல்ற்றால் பெருக்கினால் 4 வோற். டஷ்போர்ட்டின் ஒரு மூலைத் தகரம் அதற்குப் போதாது, உள்ளங்கை அளவு அலுமினியத் தட்டு வேண்டும். வோல்ற்றை வேகமாக வெட்டி வெட்டிக் குறைக்கும் எல்எம்2596 பக் மொடியூல் போட்டால் சூடு பிரச்சினை இல்லை, ஆனால் அது மத்திய அலை வானொலியில் இரையும். மேலே சொன்ன ஆடும் பொட்டும் அதில்தான் இருக்கிறது. வோல்ற்றை வைத்த பிறகு பொட்டைக் கழற்றி, அதன் ஓமை அளந்து, அதே அளவு ரெசிஸ்ரரைப் பற்றவைத்தால்தான் நம்பலாம்.

பூட்டும் முன் சோதனை

மேசையில் வைத்துச் சோதிக்காமல் வாகனத்தில் மாட்டாதீர்கள். 12 வோல்ற் பற்றரி, செய்த ரெகுலேற்றர், ஒரு மீற்றர், டாங்க் யூனிற்றுக்குப் பதிலாக அரை வோற் ரெசிஸ்ரர்கள் மூன்று: 240, 68, 22 ஓம். முதலில் மீற்றர் இல்லாமல் 100 ஓம் 2 வோற் ரெசிஸ்ரர் ஒன்றைச் சுமையாக வைத்து வெளியீட்டை அளங்கள். 9.7க்கும் 10.3க்கும் நடுவில் இருந்தால் சரி. பிறகு மீற்றரின் ஒரு முனை வெளியீட்டில், மறுமுனை 240 ஓம் வழியாக எர்த்தில். இரண்டு நிமிடம் பொறுத்தால் முள் காலியில் நிற்க வேண்டும். 68இல் நடுவில், 22இல் நிறைவில். பழைய ஸ்ரெபிலைசர் தொடக்கத்தில் தகடு சூடாகும் வரை முழு 12 வோல்ற்றையும் விட்டதால் முள் கொஞ்சம் வேகமாக எழும்பும். புதியது நிதானமாகத்தான் எழுப்பும், அது பிழை அல்ல.

மூன்று இடமும் ஒரே பக்கம் பிழைத்தால் வோல்ற்றைப் பாருங்கள். காலி மட்டும், அல்லது நிறைவு மட்டும் பிழைத்தால் மீற்றர் தன் அளவிலிருந்து விலகியிருக்கிறது. பின்பக்கம் அடைத்த சின்னத் துளைகளுக்குள் இரண்டு சரிப்படுத்தும் பற்கள் இருக்கும். ரெகுலேற்றர் சரி என்று உறுதியாகும் வரை அவற்றைத் தொட வேண்டாம். கெட்ட ஸ்ரெபிலைசருக்கு ஏற்ப யாரோ ஒருவர் முன்பே திருகி வைத்த மீற்றர்கள்தான் நல்ல ரெகுலேற்றர் போட்ட பிறகு பிழையாகக் காட்டும்.

மேசையில் சரி, வாகனத்தில் பிழை என்றால் டாங்கிப் பக்கம் போக வேண்டும். பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயர் டாங்க் யூனிற்றுக்கு, பச்சையில் நீலக் கோடு ஹீற் சென்சருக்கு. டாங்கி பொடியோடு தொடும் இடத்தில் ரப்பரும் துருவும் இருந்தால் யூனிற்றின் எர்த் குறைந்து பெற்றோல் மீற்றர் குறைவாகக் காட்டும். யூனிற்றின் மூடித் திருகாணி ஒன்றிலிருந்து சேசிஸுக்கு ஒரு வயர் போட்டால் தீரும். பற்றரியைக் கழற்றிவிட்டு, டாங்கிப் பக்கம் பொறி பறக்காத இடத்தில் அதைச் செய்யுங்கள். யூனிற் வயரைக் கழற்றி எர்த்தில் தொட்டு முள் எழும்புகிறதா என்று பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. 10 வோல்ற்றிலேயே அப்போது 150 மில்லி அம்பியருக்கு மேல் ஓடும், முள் மேலே முட்டும். நாலைந்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். ஸ்ரெபிலைசர் ஒட்டிப்போன வாகனத்தில், 14 வோல்ற்றில், அதைச் செய்தால் மீற்றரின் சுருள் எரிந்துவிடும். எரிந்த சுருளுள்ள மீற்றருக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடித்தான் மாற்று எடுக்க வேண்டும். அதைவிட 22 ஓம் ரெசிஸ்ரர் ஒன்றை வயர் நுனியில் பிடித்து எர்த்தில் தொடுங்கள், முள் நிறைவில் நின்றால் வயரும் மீற்றரும் நல்லது, குற்றம் யூனிற்றில்.

மாட்டியபின் இணைப்புகளின் மேல் வஸ்லின், பியூஸ் கூட்டுக்குள்ளும் கொஞ்சம். அடுத்த மாரி முடிந்ததும் அந்தக் கறுப்பு எர்த் வயரின் முனையை ஒருதரம் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் சுரண்டி மறுபடி முடுக்க வேண்டியதுதான்.